64 ஜி.பி.யில் ஒரு மாங்காய் சீசன்

ஜூன் 9

எடை மேடையில் திரை அப்படியே நின்றுவிட்டது. வெளியே காவேரிப்பட்டணம் ரோடு வரைக்கும் மாங்காய் டெம்போக்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மெமரி 94 சதவீதம். ஓடுகிற புரோகிராம்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் அதில் பாதிகூட வரவில்லை. எங்கள் 64 ஜி.பி. சர்வர் ஒன்றிலேயே (அதுதான் ஹோஸ்ட்) பல வி.எம்.கள், அதாவது மென்பொருளால் ஆன கணினிகள், ஓடுகின்றன. விண்டோஸ் வி.எம்.மில் இப்படித்தான் தெரியும். ஹோஸ்ட்டுக்குத் திருப்பிக் கொடுக்க பலூன் டிரைவர் பிடித்து வைத்திருக்கும் இடமும் பயன்பாட்டுக் கணக்கில் சேரும், ஆனால் எந்தப் புரோகிராமின் பெயரிலும் வராது.

இந்த வி.எம்.முக்கு அதிகபட்சம் 16 ஜி.பி., குறைந்தபட்சம் 4. ஹோஸ்ட்டில் நெருக்கடி வந்ததும் 4 வரைக்கும் சுருங்கிவிட்டது. மீதி வேலையெல்லாம் டிஸ்க்கில் நடக்கிறது. குறைந்தபட்சத்தை 8 ஆக்கினேன். வி.எம்.மை நிறுத்த வேண்டியதில்லை, அதுவரைக்கும் நிம்மதி. ஆனால் வி.எம்.களை நடத்தும் ப்ராக்ஸ்மாக்ஸ் மொத்தமாகத் திருப்பித் தராது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பலூன் இறங்கும். டெம்போக்காரர்கள் ஹாரனை விடவே இல்லை.

ஜூன் 10

அப்பாவுக்கு பிளேட்லெட் 38,000. ராத்திரி மறுபடி ரத்தம் எடுப்பார்களாம்.

ஜூன் 11

தருமபுரி. ஆஸ்பத்திரி வார்டு வராந்தாவில் சார்ஜ் போட ஒரு இடம் கிடைத்தது. வி.எம்.வேரின் இ.எஸ்.எக்ஸ். சர்வர் (அதுவும் வி.எம்.களை நடத்தும் மென்பொருள்தான்) பற்றி கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-இல் எழுதிய கட்டுரையை முதல் வரியிலிருந்து படித்தேன். பலூன் என்ற யோசனையை உலகம் கற்றுக்கொண்டது அதிலிருந்துதான்.

ஹோஸ்ட்டுக்கு வி.எம்.மின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. மெமரியின் எந்தப் பக்கம் (சிறு துண்டு) அவசியம், எது சும்மா கிடக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. தானாக ஒரு பக்கத்தைப் பிடுங்கி டிஸ்க்கில் எழுதிவிட்டால், உள்ளே இருக்கும் ஓ.எஸ். அதே பக்கத்தைத் தன் ஸ்வாப்புக்கு (டிஸ்க்கில் ஒதுக்கிய மாற்று இடம்) அனுப்ப நினைக்கும்போது அதை டிஸ்க்கிலிருந்து திரும்பக் கொண்டுவந்து, மறுபடியும் டிஸ்க்கில் எழுத வேண்டும். ஒரே பக்கத்துக்கு இரண்டு தண்டனை. அதனால் உள்ளேயே ஒரு சின்ன டிரைவரை வைத்தார்கள். அது சாதாரணப் புரோகிராம் மாதிரி ஓ.எஸ்.ஸிடம் மெமரி கேட்கும். ஓ.எஸ். தனக்குத் தேவையில்லாததைப் பார்த்து எடுத்துக் கொடுக்கும். டிரைவர் அதைத் தொடாமல், இந்தப் பக்கங்கள் காலி என்று ஹோஸ்ட்டிடம் சொல்லிவிடும்.

எதை விடுவது என்ற முடிவு உள்ளே இருப்பவனிடமே இருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் இதைவிட நேர்மையான வழியை நான் பார்க்கவில்லை.

அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டார்.

ஜூன் 12

சர்வருக்குக் கேட்ட கூடுதல் ராம் (மெமரி) திங்கட்கிழமை வரும் என்கிறார் பெங்களூர் கடைக்காரர். போன திங்கட்கிழமைக்கும் இதையேதான் சொன்னார். கிருஷ்ணகிரியில் விசாரித்தாயிற்று, லேப்டாப் ராம்தான் இருக்கிறது.

ஜூன் 14

விடியற்காலையில் டேட்டாபேஸ் விழுந்தது.

2 மணிக்கு பேக்கப் வி.எம். எழுந்திருக்கிறது. ஹோஸ்ட் 80 சதவீதத்தைத் தாண்டியதும் ப்ராக்ஸ்மாக்ஸ் எல்லா வி.எம்.களிடமும் மெமரியைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்துவிட்டது. டேட்டாபேஸ் வி.எம். 24-இலிருந்து இறங்கி 8-க்கு வந்திருக்கிறது. லினக்ஸில் இது வேறு மாதிரி தெரியும், மொத்த மெமரியே குறைந்துபோனதாகக் காட்டும். எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் தொடங்கும்போதே ஷேர்டு பஃபர் (தன் தரவை வைத்துக்கொள்ளும் இடம்) என்று 6 ஜி.பி.யை எடுத்துக்கொண்டுவிட்டது. ஓடும்போது அதைக் குறைக்க வழியில்லை. இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லில் 5.7 பதிப்பு முதல் இதே மாதிரியான பஃபர் பூலை ஓடும்போதே மாற்றலாம், ஆனால் பலூன் ஊதுகிறது என்று அதனிடமும் யாரும் போய்ச் சொல்வதில்லை. கடைசியில் ஓ.எஸ்.ஸின் மையமான கர்னல், மெமரி தீர்ந்தால் புரோகிராமைக் கொல்லும் ஓ.ஓ.எம். கில்லரை எழுப்பியது. அது பெரிய ஆளாகப் பார்த்துத்தான் கை வைக்கும்.

போஸ்ட்கிரெஸ் தானே மீண்டு எழுந்தது. எடைச் சீட்டு ஒன்றுகூடத் தொலையவில்லை, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒரு சீட்டு என்பது ஒரு விவசாயியின் ஒரு வருஷம்.

குறைந்தபட்சம் 24, அதிகபட்சம் 24. டேட்டாபேஸ் இருக்கிற இடத்தில் பலூன் கூடாது. இதில் இனி யார் சொன்னாலும் கேட்கப் போவதில்லை.

ஜூன் 15

31,000. இறங்கித்தான் ஏறும் என்கிறார் டியூட்டி டாக்டர்.

ஜூன் 16

டேட்டாபேஸ் 24, கேமரா 12, எடை மேடை 8. இவை போக ஹோஸ்ட்டுக்கும் கொஞ்சம். 80 சதவீதம் என்றால் 51 ஜி.பி. சொச்சம். கடைசியில் எல்லா நெருக்கடியும் அக்கவுண்ட்ஸ் வி.எம். தலையில் விழுகிறது. 16 வரை போகலாம் என்று எழுதியிருக்கிறதே தவிர 6-ஐ விட்டு நகரவில்லை. "தம்பி, ஒரு பில் போடறதுக்குள்ள டீ ஆறிடுது" என்றார் அக்கவுண்ட்ஸ் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

முதலாளி கேட்டார், எல்லாத்துக்கும் 16, 16 என்று எழுதிவிட்டால் என்ன? எழுதலாங்க, ஆனால் ஒரே போர்வெல்லில் நாலு தோப்புக்கு வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் நாலு மடங்கு ஆகாது, எந்தத் தோப்பு எவ்வளவு வரை காயலாம் என்பதை முதலில் சொல்லுங்க என்றேன். அந்தக் குறைந்தபட்ச எண்தான் உண்மையான வாக்குறுதி. அதிகபட்சம் வெறும் ஆசை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்பா எப்படி இருக்கார்?" என்றார்.

ஜூன் 17

மழை. வண்டிகள் குறைவு. ஹோஸ்ட் 71 சதவீதம்.

ஜூன் 18

தூக்கம் வரவில்லை. லேப்டாப்பில் ஒரு சோதனை வி.எம். வைத்து, ஓடும்போதே மெமரியைக் கூட்டிக் குறைக்கும் விர்ட்டியோ-மெம் போட்டுப் பார்த்தேன். டேவிட் ஹில்டன்பிராண்ட் எழுதியது, 2020-இல் லினக்ஸ் 5.8-இல் சேர்ந்தது. ஓடுகிற வி.எம்.மில் புதிதாக ஒரு ராம் குச்சியைச் செருகுவது சுலபம், உருவுவதுதான் பாடு. கர்னல் அதில் எங்காவது நகர்த்த முடியாத ஒரு பக்கத்தை வைத்திருந்தால் முழுக் குச்சியும் மாட்டிக்கொள்ளும். விர்ட்டியோ-மெம் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பார்க்கிறது. கொடுக்க முடிந்த துண்டுகளைக் கொடுக்கும், முடியாததை வைத்துக்கொள்ளும். 4-இலிருந்து 8-க்கு உடனே போனது. திரும்பி வரும்போது 5-க்குப் பக்கத்தில் நின்று, அப்புறம் மெல்ல இறங்கியது.

கொடுப்பது எப்போதும் ஒரு நொடி வேலை. திருப்பி வாங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். சீசன் முடிந்ததும் இதை ஒழுங்காக எழுதி வைக்கணும்.

ஜூன் 19

44,000!

ஜூன் 20

அப்பா என்னை வீட்டுக்குப் போகச் சொல்லித் திட்டினார். குரலில் பழைய கனம் வந்திருக்கிறது. பதில் பேசாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 21

கடைக்காரர் ராமை பஸ்ஸில் போட்டுவிட்டாராம். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் யாராவது போய் வாங்க வேண்டும், நான் இங்கே தருமபுரியில். பேக்கப்பை மத்தியானம் 1 மணிக்கு மாற்றியிருக்கிறேன், அந்த நேரத்தில் அக்கா சாப்பிடப் போயிருப்பார். எடை மேடைக்கு இன்று ராத்திரி நிறைய லோடு வருகிறதாம், அதன் குறைந்தபட்சத்தை 10 ஆக்கினால் கேமராவில் 2 குறைக்கணும், அதற்குக் கேமரா வி.எம்.மை ஒரு தடவை நிறுத்தணும்.