செக்யூர் பூட்டை அணைக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்: ஒரு புதுச்சேரி சர்வர் அறை அனுபவம்

ஒருவழியாக எல்லாச் சர்வர்களும் ஆள் கை படாமல் நெட்வொர்க் வழியே தாமாகவே உபுண்டுவை (ஒரு லினக்ஸ் விநியோகம்) நிறுவிக்கொண்டு எழுந்துவிட்டன. நிம்மதிதான். ஆனாலும் வழியில் அலைக்கழித்தவர்கள் மேல் இருக்கும் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழியே பூட் ஆவது), டிஎச்சிபி (முகவரி வழங்குவது), டிஎஃப்டிபி (பூட் கோப்புகளை அனுப்புவது) எல்லாம் தெரிந்தவர்கள்தான் இதைப் படிப்பார்கள் என்பதால் அடிப்படைக்குள் போகவில்லை. எந்த பூட்லோடரை (இயங்குதளத்தை ஏற்றிவிடும் சிறு நிரல்) தேர்ந்தெடுப்பது, எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இடம் புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனம். நான் கடலூரில் இருக்கிறேன். பழைய சர்வர்கள் சில, அவற்றுக்குப் பழைய வகை ஃபர்ம்வேரான (இயந்திரத்தை முதலில் எழுப்பும் உள் மென்பொருள்) பயாஸ் மட்டுமே தெரியும். மற்றவை புதிய வகை ஃபர்ம்வேரான யுஇஎஃப்ஐ கொண்ட இயந்திரங்கள். வாடிக்கையாளரின் தணிக்கையில் ஒரு கறாரான விதி இருந்தது: புதிய சர்வர்களில் செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ள பூட் கோப்பை மட்டுமே ஓடவிடும் காவல்) எந்த நேரத்திலும் அணைந்திருக்கக் கூடாது. இந்த ஒரு வரிதான் எங்கள் தேர்வு முழுவதையும் தீர்மானித்தது. அதைக் காதிலேயே வாங்காதவர் சர்வர் விற்ற நிறுவனத்தின் ஆதரவுப் பொறியாளர். எத்தனை முறை அழைத்தாலும் ஒரே பதில்: "செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள் சார், எல்லாம் ஓடிவிடும்." அணைக்க முடியாது என்று எழுத்தில் அனுப்பிய பிறகும் அதே பதிலை மின்னஞ்சலில் அனுப்பி, புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்.

அவரை விட்டுவிட்டு நாங்களே உட்கார்ந்தோம். சிஸ்லினக்ஸ் தொகுப்பில் வரும் பூட்லோடரான பிஎக்ஸ்இலினக்ஸ் முதலிலேயே கழிந்துவிட்டது. சிஸ்லினக்ஸின் கடைசி நிலையான பதிப்பான 6.03 வெளிவந்தது 2014-ல். செக்யூர் பூட் ஏற்கும் கையொப்பம் அதில் இல்லை. எனக்கு மனத்துக்கு நெருக்கமானது ஐபிஎக்ஸ்இ என்ற நெட்வொர்க் பூட்லோடர். எச்டிடிபி வழியே கோப்புகளை இழுக்கும். சர்வரின் சீரியல் எண்ணையும் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியையும் இணைய முகவரியிலேயே சேர்த்து அனுப்பும். எந்தப் பெட்டிக்கு எந்த அமைப்பு என்று மறுமுனையில் இருக்கும் சிறு நிரல் முடிவு செய்துகொள்ளலாம். தானியங்கி நிறுவலுக்கு இதைவிட வசதியானது எதுவும் இல்லை. ஆனால் நாமே தொகுக்கும் ஐபிஎக்ஸ்இ கோப்பில் ஃபர்ம்வேர் நம்பும் கையொப்பம் இருக்காது. நம் சொந்தச் சாவியை ஒவ்வொரு சர்வரின் ஃபர்ம்வேரிலும் ஏற்றலாம்தான். ஆனால் அதற்கு ஒவ்வொரு பெட்டியின் முன்னும் ஓர் ஆள் உட்கார வேண்டும். தானியங்கி என்ற சொல்லுக்கே பிறகு பொருளில்லை.

ஆகவே முடிவு இது. பயாஸ் சர்வர்களுக்கு ஐபிஎக்ஸ்இயின் அன்டிஓன்லி (கார்டிலேயே உள்ள நெட்வொர்க் டிரைவரைப் பயன்படுத்தும் வகை) கோப்பு. யுஇஎஃப்ஐ சர்வர்களுக்கு ஷிம் (ஃபர்ம்வேர் நம்பும் கையொப்பம் கொண்ட சிறு முதல்நிலை நிரல்), அதன் பின்னால் கிரப் என்ற பூட்லோடர். டிஎச்சிபியில் கிளையன்ட் வகையைச் சொல்லும் 93-ஆம் ஆப்ஷனைப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தோம்: 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் யுஇஎஃப்ஐ. இங்கே ஒரு எச்சரிக்கை. சில ஃபர்ம்வேர்கள் 7-க்குப் பதில் 9 அனுப்பும். இரண்டையும் எழுதி வையுங்கள், இல்லையென்றால் ஒரே ஒரு சர்வர் மட்டும் காரணமே தெரியாமல் முரண்டு பிடிக்கும். ஐபிஎக்ஸ்இ பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று: அது எழுந்ததும் மறுபடி டிஎச்சிபி கேட்கும். அப்போது 175-ஆம் ஆப்ஷனை அடையாளம் கண்டு ஸ்கிரிப்டைக் கொடுக்காவிட்டால் தன்னையே திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டு சுற்றும்.

பயாஸ் பக்கம் சொல்ல ஒன்றுமில்லை, அன்றே ஓடியது.

ஷிம் பக்கம்தான் ரத்தக் கொதிப்பை ஏற்றியது. எங்களுக்கு முன் இருந்த ஒப்பந்ததாரர் ஒரு டிஎஃப்டிபி கோப்புறையை "எல்லாம் தயார்" என்று சொல்லி ஒப்படைத்திருந்தார். திரையில் கோப்பின் பெயர் வந்தது, அளவு வந்தது, பதிவிறக்கம் முடிந்தது என்றும் வந்தது. அடுத்த நொடி பாதுகாப்பு விதி மீறல் என்று ஒரு செய்தி, அவ்வளவுதான். கோப்புறையைத் துருவிப் பார்த்தால், ஷிம் சென்ட்ஓஎஸ்ஸுடையது, கிரப் உபுண்டுவுடையது! ஷிம்முக்குள் அதை வெளியிட்டவரின் சான்றிதழ் பதிக்கப்பட்டிருக்கும். ஃபர்ம்வேரும் நாம் ஏற்றியவையும் நம்பும் சாவிகளை விட்டால், அது ஏற்பது அந்தச் சான்றிதழின் கையொப்பத்தை மட்டுமே. இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கும் அதே விதி. உபுண்டுவின் ஷிம்மும் கிரப்பும் வைத்துக்கொண்டு வேறொரு விநியோகத்தின் கர்னலை ஏற்றப் பார்த்தால் "பேட் ஷிம் சிக்னேச்சர்" என்று நின்றுவிடும். இரண்டு விநியோகங்கள் நிறுவ வேண்டுமானால் இரண்டு தனிக் கோப்புறைகள், இரண்டு முழுத் தொகுப்புகள். கலக்கவே கூடாது.

உபுண்டுவின் பொதிகளிலிருந்தே இரண்டையும் எடுத்து வைத்தோம். நெட்வொர்க்குக்கென்று கையொப்பமிட்ட கிரப் கோப்பு வேறு பெயரில் வரும். ஷிம் தேடுவதோ தான் இருக்கும் அதே கோப்புறையில் கிரப்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற பெயரை. பெயரை மாற்றி வைத்தால்தான் வேலை நடக்கும். அமைப்புக் கோப்பு கிரப் என்ற துணைக் கோப்புறைக்குள் இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் பிழை எதுவும் சொல்லாமல் கிரப்பின் கட்டளை வரியில் வந்து நிற்கும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். செக்யூர் பூட் இயங்கும்போது வெளியிலிருந்து கிரப் மாட்யூல் எதையும் சேர்க்க முடியாது. கையொப்பமிட்ட கோப்புக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் நமக்கு.

கர்னலையும் இனிட்ஆர்டியையும் (கர்னலுடன் ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) டிஎஃப்டிபியில் இழுக்காதீர்கள். அதில் ஒரு துண்டின் இயல்பான அளவு 512 பைட். ஒவ்வொரு துண்டுக்கும் ஒப்புகை வந்த பிறகே அடுத்தது. 100 எம்பி கோப்பு என்றால் இரண்டு லட்சத்துக்கும் மேல் துண்டுகள். கிரப்பிலும் எச்டிடிபி உண்டு. சிறு கோப்புகளை மட்டும் டிஎஃப்டிபிக்கு விட்டுவிட்டு மற்றதை அங்கே மாற்றியதும், காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறைந்தது.

இனி வயிறெரிந்த கட்டம். கிரப் வந்தது, கர்னல் ஏறியது, நிறுவி தொடங்கியது. பிறகு முகவரி கிடைக்கவில்லை என்று கைவிரித்தது. ஸ்விட்ச் பராமரிப்பு வேறொருவர் கையில். போனில் கேட்டேன். "லிங்க் விளக்கு எரிகிறது, பிங் போகிறது, சர்வர் பூட்டும் ஆகிறது. எங்கள் பக்கம் எந்தக் குறையும் இல்லை சார். நேரில் வாருங்கள், காட்டுகிறேன்" என்றார். கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நெரிசலில் ஊர்ந்த பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தால், ஆள் இல்லை. அங்கே இருந்த பையனுக்கு ஸ்விட்ச்சின் கடவுச்சொல் தெரியாது. காவலாளி வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஆனால் அந்தப் பயணம் முழுக்க வீணாகவில்லை. டிஎச்சிபி சர்வரில் டிசிபிடம்ப் (நெட்வொர்க் போக்குவரத்தைப் பதிவுசெய்யும் கருவி) ஓட்டிவிட்டு, ரேக்கின் பின்னால் நின்று போர்ட் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கர்னல் ஏறும் கணத்தில் பச்சை விளக்கு அணைந்து, ஆரஞ்சில் சுமார் அரை நிமிடம் நின்றது. அந்த அரை நிமிடத்தில் நிறுவி கேட்ட டிஎச்சிபி கோரிக்கை ஒன்றுகூட சர்வருக்கு வந்து சேரவில்லை. ஸ்பானிங் ட்ரீ, நெட்வொர்க்கில் வளையம் உருவாகாமல் ஸ்விட்ச் செய்யும் சோதனை! கேட்பதற்கு 15 விநாடி, கற்பதற்கு 15 விநாடி, ஆக 30 விநாடி போர்ட் எதையும் கடத்தாது. ஃபர்ம்வேர் பொறுமையாக 4, 8, 16, 32 விநாடி என்று காத்திருந்து கேட்பதால் அது தப்பிவிடுகிறது. கர்னலின் டிரைவர் நெட்வொர்க் கார்டை முதலிலிருந்து இயக்கும்போது லிங்க் விழுந்து எழுகிறது, 30 விநாடி மறுபடி தொடங்குகிறது. நிறுவி அத்தனை நேரம் காத்திருப்பதில்லை. பிங் போகிறது என்பது இதற்குச் சாட்சியே அல்ல. லிங்க் எழுந்து வெகுநேரம் ஆன பிறகு யார் வேண்டுமானாலும் பிங் அனுப்பலாம்.

டிசிபிடம்ப் பதிவையும், விளக்கு நிறம் மாறும் காணொளியையும் வாடிக்கையாளரின் மேலாளருக்கு அனுப்பினேன். மறுநாளே சர்வர் போர்ட்டுகளில், அந்த 30 விநாடிக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் இயக்கப்பட்டது. முதல் சர்வர் தானாகவே நிறுவி முடித்து உள்நுழைவுத் திரையைக் காட்டியபோது அந்த அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். அதுவரை "சார், இது ஆகுமா" என்று கேட்டுக்கொண்டிருந்த பையன்தான் முதலில் தட்டினான்.

அடுத்து இது. நெட்வொர்க் பூட் முதலிடத்தில் இருக்கும் சர்வர், நிறுவி முடித்து மறுதொடக்கம் ஆனதும் மறுபடி நெட்வொர்க்கிடம்தான் வரும். அப்போதும் நிறுவல் கோப்பையே கொடுத்தால் வட்டைத் துடைத்துவிட்டு மீண்டும் நிறுவும். தரவு ஏறிய சர்வருக்கு இப்படி நடந்தால் கதை முடிந்தது. நிறுவலின் கடைசிப் படியில் "முடிந்தது" என்று மையச் சர்வருக்குச் சொல்ல வையுங்கள். அதன் பிறகு அந்த மேக் முகவரிக்கு எக்ஸிட் என்ற ஒற்றை வரி கொண்ட அமைப்புக் கோப்பு மட்டுமே போக வேண்டும். ஃபர்ம்வேர் வரிசையில் அடுத்திருக்கும் வட்டுக்குப் போய்விடும். நிறுவலுக்குப் பிறகு உபுண்டு பூட் வரிசையில் முதலிடத்துக்கு வந்துவிடவும் கூடும் என்பதால், பின்னால் நெட்வொர்க் வழியே மறுநிறுவல் தேவைப்படுமானால் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையைக் கொண்டு வரிசையைத் திருப்பி வைக்கும் படியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது புதிய இடத்துக்குப் போகுமுன் இரண்டு கேள்விகளுக்கு மின்னஞ்சலில் பதில் வாங்காமல் நான் பஸ் ஏறுவதில்லை: செக்யூர் பூட் கட்டாயமா, சர்வர் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் இருக்கிறதா. ஸ்விட்ச்சின் கடவுச்சொல் தெரிந்தவர் அன்றைக்கு அங்கே இருப்பாரா என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.