தாவிச் செல்லாத காது

தொடர்கதைப் பக்கங்களை வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து பரணில் அடுக்கி வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவன் நான். பொன்னியின் செல்வனை அப்படியொரு தொகுப்பில்தான் பள்ளி விடுமுறையில் பத்தே நாட்களில் படித்து முடித்தேன். வந்தியத்தேவன் அடுத்து எங்கே மாட்டிக்கொள்வான் என்று அறியும் அவசரத்தில், ஏரியும் காடும் கோட்டையும் வருணிக்கப்பட்ட பத்திகளையெல்லாம் கண்ணால் மேய்ந்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியதால், அதைப் படித்தேன் என்பதைவிடத் தாண்டினேன் என்பதே பொருந்தும்.

பேருந்தில் படித்தால் எனக்குத் தலை சுற்றும். அலுவலகம் போய் வரும் நேரத்தை என்ன செய்வது என்று தேடியபோதுதான், அதே கதையை அத்தியாயம் அத்தியாயமாகத் தம் குரலில் வாசித்துப் பாட்காஸ்டாக இலவசமாகத் தருபவர்கள் இருப்பது தெரிந்தது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை என்பதால், வாசிப்பவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

முதல் அத்தியாயத்திலேயே தோற்றேன். ஆடிப் பெருக்கு நாளில் வீர நாராயண ஏரிக்கரையில் குதிரை மெல்ல நடக்கிறது. எழுபத்து நான்கு கணவாய்கள் (மதகுகள்) வழியே தண்ணீர் பாய்கிறது. சிறுவயதில் நான் ஒரே தாவாகத் தாண்டிய அந்தக் கரையை, குரலின் வேகத்தில் குதிரையோடு சேர்ந்து நடந்தே கடக்க வேண்டியிருந்தது. கண்ணுக்கு இருக்கும் தாவும் சுதந்திரம் காதுக்கு இல்லை. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் காத்திருந்து படித்தவர்களுக்காக எழுதப்பட்ட நடை அது என்பது அப்போதுதான் உறைத்தது. ஏறக்குறைய 300 அத்தியாயங்களைப் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று கேட்டு முடிக்க எனக்கு ஏழெட்டு மாதங்கள் ஆயின.

அதன்பின் ஆங்கிலத்துக்குப் போனேன். 2005-இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் தளத்தில், காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் ஊதியமின்றி வாசித்துப் பதிவேற்றுகிறார்கள். ஒரே நாவலின் அத்தியாயங்களைப் பலர் பங்கிட்டு வாசிப்பதும் உண்டு என்பதால், நேற்றுவரை ஆணாகப் பேசிய கதைசொல்லி இன்று பெண்ணாகிவிடுவார். சிலருடைய பதிவில் மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்கும். ஆனால் பாத்திரத்துக்கொரு குரல் மாற்றி, பின்னணி இசையும் சேர்த்து நடிப்பவர்களைவிட, சமதளமாக வாசித்துப் போகும் இவர்களையே எனக்குப் பிடிக்கிறது. (கதையில் அழ வேண்டிய இடத்தை வயலின் சொல்லித் தருவது எனக்கு ஒத்துவராது.)

காதுக்கென்றே எழுதப்பட்ட தொடர்கள் வேறு வகை. 2012-இல் தொடங்கிய ‘வெல்கம் டு நைட் வேல்’, பாலைவனத்து ஊர் ஒன்றின் உள்ளூர் வானொலி அறிவிப்பாகவே முழுவதும் அமைந்தது. விபரீதமான சம்பவங்களை அறிவிப்பாளர் நகராட்சிச் செய்திபோல நிதானமாகப் படிப்பார். நடுவே “இனி வானிலை” என்பார், வானிலைக்குப் பதில் ஒரு பாட்டு ஒலிக்கும். முதல் முறை செயலிதான் கோளாறு செய்கிறதென்று நினைத்து நிறுத்திவிட்டேன்.

இத்தனையும் செலவின்றிக் கிடைப்பதற்குக் காரணம், பாட்காஸ்ட் என்பது அடிப்படையில் ஓர் ஆர்.எஸ்.எஸ். ஓடை, அதாவது புதிய பதிவுகளைத் தெரிவிக்கும் இணையப் பட்டியல், என்பதுதான். ஒலிக்கோப்புகளின் முகவரிகளை வரிசையாகத் தாங்கிய அந்தப் பட்டியலை எந்தச் செயலியும் படிக்கலாம். நான் ஆண்டெனாபாட் என்ற திறந்தமூலச் செயலியை வைத்திருக்கிறேன். கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை, வீட்டு இணைப்பில் இரவே இறக்கி வைத்துவிடலாம். தன் செயலிக்குள் மட்டுமே கேட்கலாம் என்று ஒரு நிறுவனம் பூட்டிவைக்கும் நிகழ்ச்சியைப் பாட்காஸ்ட் என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

படுக்கையில் கேட்பதில்தான் ஒரு சிக்கல். குறித்த நேரத்தில் ஒலியைத் தானே நிறுத்தும் உறக்க டைமரை வைக்க மறந்த இரவுகளில், நான் தூங்கிய பிறகும் கதை மூன்று அத்தியாயங்கள் ஓடியிருக்கும். மறுநாள் காலைப் பேருந்தில், கடைசியாகக் காதில் விழுந்த வாக்கியம் எது என்று முப்பது முப்பது விநாடியாகப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போகிறேன். சில நாள் அந்த வாக்கியம் கிடைப்பதற்குள் என் நிறுத்தம் வந்துவிடுகிறது.