இரண்டு இடது கைகளும் ஒரு கணக்கு நோட்டும்

2023 வைகாசியில் ஒரு கல்யாண ப்ளவுஸ். அரக்கு நிறத் திருபுவனம் பட்டு, கைக்கு நாலு விரல்கடை பார்டர். பெண்ணின் அம்மா துணியை மடியில் வைத்துத் தடவித் தடவித்தான் என்னிடம் கொடுத்தார்கள். அன்று ராத்திரி சின்னவனுக்குக் காய்ச்சல். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்பதரை மணிக்குக் கட்டிங் போட்டேன். பார்டர் கை என்றால் துணியை மடிக்காமல் ஒவ்வொரு கையாக வெட்ட வேண்டும். இரண்டாவது கைக்கு அளவு வெட்டி வைத்த பேப்பரைத் திருப்பிப் போட வேண்டும். நான் திருப்பவில்லை. மறுநாள் கையை உடம்போடு வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டுமே இடது கை.

அடிவயிறு கலங்கிவிட்டது. திருபுவனத்தில் நாலு கடை ஏறி இறங்கினேன், அதே சாயத்தில் துணி கிடைக்கவில்லை. கடைசியில் தப்பான கையிலிருந்து பார்டரை மட்டும் பிரித்து, மிச்சமிருந்த துணியில் புதுக் கை வெட்டி, ஒட்டுத் தெரியாமல் பைப்பிங் வைத்துத் தைத்தேன். முழங்கை வரை கேட்டது அரைக் கை ஆனது. அந்த அம்மாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கூலி வாங்கவில்லை. அவர்கள் திட்டவில்லை. "குழந்தைக்குக் காய்ச்சல்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் கழிச்சே வாங்கியிருப்பேனே" என்றார்கள். அந்த வார்த்தை பல நாள் தூங்கவிடவில்லை. யாருக்காக அந்த ராத்திரி நேரத்தில் வெட்டினேன்? 180 ரூபாய்க்காக.

திருநாகேஸ்வரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டிய சின்ன அறையில்தான் தைக்கிறேன். போர்டு கிடையாது. பெரியவளுக்கு இரண்டு வயது ஆனபோது, 2019-இல், அம்மா கொடுத்த மிதி மெஷினில் ஆரம்பித்தது. நாலு வருஷமாக ராப்பகலாக மிதித்தும் கையில் காசு நின்றதில்லை. வாடிக்கையாளர் குறைவு என்று சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் புரியாத விஷயமாக இருந்தது.

அந்தக் கல்யாண ப்ளவுஸுக்குப் பிறகு பெரியவளின் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தேன். ஜூன் மாதம் முழுக்க, துணி வாங்கும்போது, வெட்டும்போது, தைக்கும்போது, கொக்கி கட்டும்போது என்று ஒவ்வொன்றுக்கும் மணி பார்த்து எழுதினேன். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் யாராவது செய்து பார்ப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். பொருள் செலவை நாம் எல்லோரும் எழுதி வைக்கிறோம். நேரத்தை எழுதுவதில்லை. வீட்டில் இருப்பதால் நேரம் சும்மா கிடைக்கிறது என்று நினைத்துவிடுகிறோம்.

ஒரு லைனிங் ப்ளவுஸுக்கு அளவெடுக்கவும் பேசவும் 15 நிமிஷம். லைனிங்கோடு சேர்த்து வெட்ட 30. மெஷினில் 80. ஓரம் மடித்துக் கையால் தைக்கும் எம்மிங், கொக்கி, அது மாட்டும் காஜா 40. இஸ்திரி 5. வாங்க வரும்போது போட்டுப் பார்த்து, இங்கே பிடி அங்கே விடு என்று இன்னும் 20. மொத்தம் மூன்று மணி பத்து நிமிஷம். 180 ரூபாயில் லைனிங் துணி, நூல், கொக்கி போக 117 மிச்சம். அதாவது மணிக்கு 37 ரூபாய். சேலையின் கீழ் ஓரத்தில் உள்பக்கமாகத் துணிப்பட்டை வைக்கும் ஃபால்ஸ் அடிக்க 60 வாங்கினேன். ஃபால்ஸ் துணிக்கும், ஓரம் பிரியாமல் வெளியில் பீக்கோ தையல் போடவும் 40 போய்விடும். நாற்பது நிமிஷம் குனிந்து தைத்ததற்கு 20 ரூபாய். அந்த மாதம் 38 ப்ளவுஸ், 20 ஃபால்ஸ் எல்லாம் சேர்த்து 145 மணி நேரம் உழைத்து, மற்ற செலவும் போக 4,696 ரூபாய்.

நோட்டில் இன்னொரு வரி என்னை நிறுத்தி வைத்தது. ஆல்டரேஷன். "சைடுல ரெண்டு தையல் பிரிச்சு விடும்மா", "பேன்ட் நீளத்தைக் கொஞ்சம் மடிச்சுக் குடு" என்று வருபவர்களிடம் பாதி நேரம் காசே வாங்கியதில்லை. வாங்கினால் 40 ரூபாய். வேலை பதினைந்து நிமிஷம். மணிக்கு 160! துணி வாங்க வேண்டாம், வெட்டிக் கெடுக்கும் பயம் இல்லை, நடுவில் பிள்ளை கூப்பிட்டால் எழுந்து போய்விட்டு வரலாம். எதை உதவியாகச் செய்துகொண்டிருந்தேனோ அதில்தான் வருமானம் இருந்திருக்கிறது.

முதலில் ஃபால்ஸை விட்டேன். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் கைத்தையல் அழகாகப் போடுவார்; ஃபால்ஸ் கேட்டு வருபவர்களை நேரே அவரிடம் அனுப்பினேன். என் ப்ளவுஸ்களின் எம்மிங், கொக்கி, காஜாவையும் அவரிடமே கொடுத்தேன், ஒன்றுக்கு 40 ரூபாய். "உன் கைக்காசைத் தூக்கி வெளியில குடுக்கிறியே" என்று என் மாமியார் வருத்தப்பட்டார்கள். அத்தையைக் குறை சொல்லவில்லை. எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் கை கூசியது. ஆனால் அந்த நாற்பது நிமிஷத்தில் இரண்டு ஆல்டரேஷன் முடிகிறது.

பிறகு வேலையைப் பிள்ளைகளின் நாளுக்கு ஏற்றபடி பிரித்தேன். கட்டிங்குக்குச் சத்தம் கிடையாது, ஆனால் முழுக் கவனம் வேண்டும். அதனால் விடியற்காலை நாலரை முதல் ஆறு, பிள்ளைகள் தூங்கும்போது. ஒரே மூச்சில் நாலைந்து வெட்டினால் ஒன்றுக்கு 22 நிமிஷம்தான் ஆகிறது. ராத்திரியில் கத்தரிக்கோலைத் தொடுவதே இல்லை. மெஷின் சத்தம் போடும், அது பள்ளி நேரத்தில். நூல் பிசிறு வெட்டுவது, இஸ்திரி போட்டதை மடிப்பது, ரசீது எழுதுவது எல்லாம் பெரியவள் வீட்டுப்பாடம் எழுதும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து. ஊசி டப்பாவும் இஸ்திரிப் பெட்டியும் சாயங்காலம் பரணுக்குப் போய்விடும்.

இதற்குப் பக்கபலமாக இருந்தவற்றைச் சொல்லாமல் விட முடியாது. சின்னவனுக்கு இரண்டு வயது முடிந்ததும் அங்கன்வாடியில் சேர்த்தேன். மதியம் அங்கேயே சாப்பிட்டுவிடுவான். பெரியவள் அரசுத் தொடக்கப் பள்ளி. 2023 ஆகஸ்ட் 25-இல் காலை உணவுத் திட்டம் எல்லா ஊர் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. நாகை மாவட்டத்தில், திருக்குவளைப் பள்ளியில்தான் தொடங்கி வைத்தார்கள். உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ பள்ளியிலேயே அவளுக்குக் கிடைத்தது. காலையில் அவளை உட்கார வைத்து ஊட்டிப் போராடிய முக்கால் மணி நேரம் எனக்கு மிச்சம். அந்த முக்கால் மணியின் மதிப்பு பெண்களுக்குத் தெரியும். லைனிங் வாங்கக் கும்பகோணம் போக டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்பதால், மொத்தமாக வாங்கிப் பணத்தை முடக்காமல் வாரம் ஒருமுறை தேவைக்கு வாங்குகிறேன்.

விலையை ஏற்றியதுதான் கஷ்டம். கணக்கு தெளிவாக இருந்தும் வாய் வரவில்லை. 2024 தை மாதம் 250 என்று சொல்ல முடிவு செய்தேன். முதலில் வந்தவர் ஆரம்பத்திலிருந்து என்னிடம் தைக்கும் டீச்சரம்மா.

"போன மாசம் 180 தானேம்மா?"

"ஆமாம்மா. தையிலேர்ந்து 250. ஒரு ப்ளவுஸுக்கு மூணு மணி நேரம் ஆகுதும்மா, எழுதி வெச்சிருக்கேன், பாருங்க."

நோட்டை நீட்டினேன். என் கை நடுங்கியது. கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு பக்கம் படித்தார். "இதை மூணு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கணும்" என்று சொல்லி 250-ஐயும் முன்பணமாகவே வைத்துவிட்டுப் போனார். எல்லோரும் அப்படி இல்லை. வழக்கமாக வரும் 42 பேரில் ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள். அதில் ஒருவர் எனக்குச் சொந்தம். இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அது வலிக்கத்தான் செய்கிறது. நாலு பேர் ஆறு மாதத்தில் திரும்பி வந்தார்கள். போன வருஷம் 350 ஆக்கியபோது மூன்று பேர்தான் போனார்கள்.

துணி வாங்குவதும் கொடுப்பதும் இப்போது புதன் பதினொன்று முதல் ஒன்று, சனி சாயங்காலம் நாலு முதல் ஆறு. சனியன்று என் வீட்டுக்காரர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். முன்பு சாதம் வடிக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் ஆள் வந்து நிற்பார்கள். பாதி முன்பணம் இல்லாமல் துணியைத் தொடுவதில்லை. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு புது ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவேன். அந்தப் பத்து நாளும் ஆல்டரேஷன் மட்டும். ஆடியில் முகூர்த்தம் இல்லை, ப்ளவுஸ் வராது. ஆனால் மே கடைசியிலிருந்து பள்ளிச் சீருடை இடுப்புப் பிடிப்பதும் நீளம் மடிப்பதுமாக வரும் காசு அந்த மாதத்தைத் தாங்கிவிடுகிறது.

பணத்தைத் தனியாக்கியது சின்ன வேலைதான், பலன் பெரியது. எனக்கென்று ஒரு வங்கிக் கணக்கு, அதன் கியூஆர் கோடு மெஷின் பக்கத்தில். மளிகைக்கு அதிலிருந்து எடுப்பதில்லை. மாதம் ஐந்தாம் தேதி எனக்குச் சம்பளம் மாதிரி ஒரு தொகையை வீட்டுக்கு மாற்றுவேன். 2023 செப்டம்பரிலிருந்து வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயை அப்படியே ஒரு வருஷ ஆர்.டி.யில் போட்டு, தீபாவளி வருமானமும் சேர்த்து, ஒரு பழைய பவர் மெஷின் வாங்கினேன். கால் வலி பாதி குறைந்தது. சிறுதொழிலுக்கான அரசுப் பதிவான உத்யமும் செய்திருக்கிறேன். ஒரு இடத்தில் அதற்கு 1,000 ரூபாய் கேட்டார்கள். அரசு இணையதளத்தில் கட்டணமே கிடையாது. ஆதாரும் பான் கார்டும் வைத்துக்கொண்டு போனிலேயே முடித்தேன். யாருக்கும் காசு கொடுத்துவிடாதீர்கள்.

போன மாதக் கணக்கு: 28 ப்ளவுஸ், 60 ஆல்டரேஷன். அக்காவின் கூலி, துணி, நூல், கரண்ட் எல்லாம் போக 9,380 ரூபாய், 81 மணி நேரத்தில். மணிக்கு 116 வருகிறது. பெரிய தொகை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் முன்பு வாங்கியதைப் போல இரு மடங்கு, நேரமோ பாதிக்குக் கொஞ்சம்தான் அதிகம். பெரியவளுக்குப் போன மாதம் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் மெஷினைத் திறக்கவே இல்லை. கொடுக்க வேண்டிய ஐந்து பேருக்கும் போன் செய்து தேதியைத் தள்ளிக் கேட்டேன். ஐந்து பேரும் சரி என்றார்கள்.

வரும் ஜூனில் சின்னவனும் ஒன்றாம் வகுப்பு. புது நோட்டு ஒன்று வாங்கி அட்டை போட்டு வைத்திருக்கிறேன்.