'ஊராட்சி ஒன்றிய' விட்டுப்போனதால் வந்த வினை

தம்பிக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சீட் கிடைத்துவிட்டது. விண்ணப்பமெல்லாம் செல்போனிலேயே முடிந்தது. அலைய விட்டது 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான போனஃபைடு சான்றிதழ்தான்.

அவன் எட்டாவது வரை எங்கள் ஊர் ஒன்றிய நடுநிலைப்பள்ளி, அப்புறம் பக்கத்து ஊர் மேல்நிலைப்பள்ளி. பிளஸ் டூ படித்த இடத்திலேயே மொத்தமாகத் தருவார்கள் என்று நம்பிப் போனோம். "எங்ககிட்ட படிச்ச வருஷத்துக்குத்தான் எழுத முடியும்" என்றார்கள். சரி, நியாயம்தான். பழைய பள்ளிக்குப் போனால் கோடை விடுமுறை, கேட்டில் பூட்டு. அடுத்த முறை ஒரு டீச்சர் இருந்தார். முத்திரை பீரோவுக்குள், சாவி தலைமையாசிரியரிடம். மூன்றாவது நடையில் கிடைத்தது. மூன்று நடைக்கும் அப்பாவுக்கு மூன்று நாள் கூலி போனது.

பதிவேற்றினால் சரிபார்ப்பில் நிறுத்திவிட்டார்கள். பள்ளியின் பெயரில் 'ஊராட்சி ஒன்றிய' விட்டுப்போய், வெறும் 'நடுநிலைப்பள்ளி' என்றிருந்தது. அந்த வார்த்தை இல்லாவிட்டால் அது அரசுப் பள்ளியா, அரசு உதவி பெறும் தனியார் பள்ளியா என்று தெரியாது. உதவி பெறும் பள்ளி என்றால் ஒதுக்கீடு கிடையாதே! உதவி மையத்தில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது கவர்மென்ட் ஸ்கூலுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். நான்காவது நடை.

இந்த விதியே எனக்கு உறுத்தல்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் இலவசமாக எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. என் தோழியின் தங்கை ஆறாவது மட்டும் உதவி பெறும் பள்ளியில் படித்தாள், அவளுக்கு இல்லை. அவள் அம்மாவும் என் அப்பாவும் ஒரே இடத்தில்தான் கூலி வேலை செய்கிறார்கள்.

அடுத்த வருடம் போகிறவர்கள் ரிசல்ட் வரட்டும் என்று இருக்காதீர்கள். பரீட்சை முடிந்த வாரமே, சின்ன வகுப்புகளுக்கு லீவு விடுவதற்குள், படித்த ஒவ்வொரு பள்ளியிலும் வாங்கிவிடுங்கள். பள்ளியின் முழுப் பெயர், கல்வியாண்டு, மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே பையனின் பெயர், இன்ஷியல் எல்லாவற்றையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். நாங்கள் முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம்.

கல்லூரியில் சேர்ந்த அன்று கட்டணம் கட்டும் வரிசையில் நின்றோம். "செவன் பாயின்ட் ஃபைவா? நீங்க கட்ட வேண்டாம், அரசே கட்டிடும்" என்றார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று வட்டிக்கு வாங்கி மடியில் முடிந்து வைத்திருந்த பணத்தை அன்று சாயங்காலமே அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார்.