எட்டடிக்கு ஏழடியில் ஓர் அலுவலகம்

சிறிய அறையில் அலுவலகம் அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மேசை, நாற்காலி, அலமாரி என்று வாங்க வேண்டிய பொருள்களிலிருந்தே தொடங்குகிறார்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, சாரல் எந்தச் சுவரில் அடிக்கிறது என்ற இரண்டையும் முதலில் பார்த்துவிட்டால், எதை எங்கே வைப்பது என்பது பாதிக்கு மேல் முடிவாகிவிடும். செங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தார்சாவை (முன்கூடத்தை) ஒட்டிய, முன்பு நெல் மூட்டை அடுக்கிவந்த அறையில் அமர்ந்து, எல்லையிலுள்ள புளியரை வழியாகக் கேரளத்துக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிவருகிறேன். அந்த அனுபவத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். இங்குள்ள பழைய வீடுகளும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கத்து வீடுகளைப் போலவே மழைக்காகச் சரித்துப் போட்ட ஓட்டுக் கூரையும் சிறிய ஜன்னல்களும் கொண்டவை. என் அறைக்கு இருப்பது மேற்கு ஜன்னல் ஒன்றுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய்க் காற்றோடு வரும் சாரல் அந்தச் சுவரை ஈரமாகவே வைத்திருக்கும். மற்ற மாதங்களில் அதே ஜன்னலில் பிற்பகல் வெயில் இறங்கும். ஜன்னலைப் பார்த்து அமர்ந்தால் கண் கூசும், அதற்கு முதுகைக் காட்டி அமர்ந்தால் கணினித் திரையில் ஜன்னலே பளிச்சிடும் என்பதால், வடக்குச் சுவரைப் பார்த்தபடி, வெளிச்சம் இடப்புறமிருந்து விழுமாறு மேசையைப் போட்டிருக்கிறேன். வலக்கையால் எழுதுகிறவர்களுக்குக் கையின் நிழல் பேரேட்டில் விழாமல் இருப்பதும் இந்த அமைப்பின் நன்மை.

மழைக்கால இருட்டுக்கு விளக்கை நம்புவதைவிடக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு மாற்றிக்கொள்வது எவ்வளவோ மேல். தெற்குச் சரிவில் பதித்தால் ஆண்டின் பெரும்பகுதி வெயில் நேராக இறங்கும். வடக்குச் சரிவில் பதித்தால் வெளிச்சம் அதைவிடச் சீராக இருக்கும். அந்த ஓடு நம் தலைக்குப் பின்னால் வராமல், மேசைக்குச் சற்று இடப்புறமாக அமைவது முக்கியம். பின்னால் வந்தால் திரையில் வெள்ளைக் கட்டமாகத் தெரிந்து நாள் முழுவதும் தொந்தரவு தரும்.

கடையில் விற்கும் மேசை இத்தகைய அறைக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. ஆசாரியிடம் சொல்லி, நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள பலாப் பலகையைச் சுவரோடு பொருத்திக்கொண்டேன். பழைய சுண்ணாம்புக் காரையில் திருகாணி தளர்ந்துவிடும் என்பதால், சுவர் நெடுகிலும் ஒரு மரச்சட்டம் அறைந்து பலகையின் பின்விளிம்பை அதன்மேல் தாங்கவிட்டு, முன்பக்கம் மட்டும் இரண்டு கால்கள் கொடுத்திருக்கிறது. உயரத்தை ஆளுக்கேற்பவே வைக்க வேண்டும்: தட்டச்சுச் செய்யும்போது முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்தில் மடங்கி, தோள் தளர்ந்திருக்க வேண்டும். மடிக்கணினியை ஒரு பெட்டியின் மேல் உயர்த்தித் திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, விசைப்பலகையைத் தனியாக இணைத்துக்கொண்டால் கழுத்துவலிக்கு இடமிருக்காது.

என் தொழிலில் இடத்தை விழுங்குவது காகிதம்தான். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை, அந்த ஆண்டின் வருடாந்தரப் படிவத்துக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். ஆகவே நடப்பு ஆண்டுக் கோப்புகளைக் கைக்கெட்டும் தட்டிலும், பழையவற்றைக் கதவுக்கு மேலே சுவர் முழுக்க ஓடும் பரணிலும் ஆண்டுவாரியாக அடுக்கியிருக்கிறேன். மேற்குச் சுவரில் ஒரு தட்டுகூடக் கிடையாது. மற்றச் சுவர்களிலும் கோப்புக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன். காற்றோட்டம் இல்லாத இடத்தில்தான் பூசணமும் ராமபாணப் பூச்சியும் குடியேறும். எடைமேடைச் சீட்டு, பெட்ரோல் பங்க் ரசீது போன்ற வெப்பத்தாளில் (தெர்மல் பேப்பரில்) அச்சிட்டவற்றைக் கிடைத்த அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். சூடும் ஈரமும் எழுத்தை மங்கவைக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறைக்குள் வைப்பதும் பல சமயம் அதே கேட்டைத்தான் செய்யும்.

வருகிறவர்களுக்கான நாற்காலியை இந்த அறையில் போடவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அதற்குத்தான் திண்ணை இருக்கிறதே. புனலூரிலிருந்து வருகிறவரோ பாவூர்ச்சத்திரத்து வியாபாரியோ, திண்ணையில் அமர்ந்து காப்பி குடித்தபடி பில்களைப் பிரித்துக் காட்டுவதில் அவர்களுக்கும் சௌகரியம் இருக்கிறது. ஒருவருடைய கணக்கு இன்னொருவர் கண்ணில் படாமலும் இருக்கிறது.

இணையத்தைப் பொறுத்தவரை, ரவுட்டரைப் பட்டாசாலையில் (நடுக்கூடத்தில்) வைத்துவிட்டு வேகம் இல்லை என்று வருந்த வேண்டாம். இந்த வீடுகளின் தடித்த சுவர்களைத் தாண்டும்போது வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வெகுவாக வலுவிழக்கும், 2.4 ஓரளவு தாக்குப்பிடிக்கும். உத்தரத்தை ஒட்டி ஒரு லேன் கேபிள் இழுத்து நேராகக் கணினியில் செருகிவிடுவதே நிம்மதி. ரவுட்டருக்கென்று தனியாக ஒரு சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கிவிட்டால், சாரல் காற்றில் மின்சாரம் போய்ப் போய் வரும் நாள்களிலும், 20ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டிய ஜிஎஸ்டிஆர்-3பி என்னும் மாதாந்தர ஜிஎஸ்டி படிவம் பாதியில் அறுந்து நிற்காது.