14 வருடமும் ஒரு டிக்கும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எச்ஆர் அறைக்குக் கூப்பிட்டார்கள். இன்றோடு வேலை முடிகிறது என்றார்கள். ஏன் என்று கேட்டேன். காரணம் சொல்லத் தேவையில்லையாம். கலிபோர்னியாவில் அதே கம்பெனியின் கணக்குப் பிரிவில் 14 வருடம் இருந்திருக்கிறேன்.

இங்கே இத்தனை காலம் என்று பேசிக்கொள்ளாத வேலையை முதலாளியோ தொழிலாளியோ, யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். 'அட் வில்' என்பார்கள். தொழிலாளர் சட்டத்தின் 2922ஆம் பிரிவு. ஆனால் எழுதாத ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான் என்று, நான் யோசனை கேட்கப் போன பெண் வழக்கறிஞர் 1981ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைச் சொன்னார். வேய்ன் பியூ என்பவர் ஸீஸ் கேண்டீஸ் மிட்டாய்க் கம்பெனியில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, துணைத் தலைவராகி, 32 வருடம் கழித்துக் காரணம் தெரியாமல் வெளியேற்றப்பட்டவர். எத்தனை வருட வேலை, என்னென்ன பதவி உயர்வு, யாராவது குறை சொன்னார்களா, வாய்வார்த்தையாக என்ன உறுதி தந்தார்கள், கம்பெனியின் வழக்கம் என்ன, இவற்றிலிருந்தே ஒப்பந்தம் பிறந்திருக்கலாம், ஜூரி விசாரிக்கட்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். (கடைசியில் ஜூரி கம்பெனி பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. அதைக் கேட்டு மனது கனத்துப்போனது.)

என்னிடம் எல்லாம் இருந்தது. ஆண்டு மதிப்பீடு ஒன்றில்கூடக் குறை கிடையாது. "ஒழுங்காக வேலை பார்க்கிற வரை இந்த நாற்காலி உங்களுக்குத்தான்" என்று 2016இல் மேலாளர் சொன்னதை நம்பித்தான் வேறு இடத்தில் வந்த வேலையை விட்டேன். மூன்று முறை எச்சரித்த பிறகே நீக்கம் என்று கம்பெனியின் பழைய பணியாளர் கையேட்டில் அச்சிலேயே இருந்தது.

அப்புறம் வழக்கறிஞர் கேட்டார்: "இதற்குப் பிறகு எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா?"

2019இல் புதுக் கையேடு கணினியில் வந்தது. மாதக் கணக்கு முடிக்கிற அவசரத்தில், 'படித்தேன், ஏற்கிறேன்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். படிக்கவில்லை. எந்த நேரத்திலும் காரணமின்றி நீக்கலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. அப்படி எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு, அதற்கு நேர்மாறான எழுதாத வாக்கை நீதிமன்றம் பொதுவாக ஏற்காதாம். வாக்குக் கொடுத்தது அவர்கள், அதை அழித்தது என் விரல். இதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

வயதுக்காகவோ, இனத்துக்காகவோ, சட்டமீறலைப் புகார் செய்ததற்காகவோ நீக்கியிருந்தால் அந்த டிக் அவர்களைக் காப்பாற்றாது. உண்மைக் காரணம் என்ன என்று தேட வேண்டும் என்கிறார். என் பணிக்கோப்பின் நகல் கேட்டு நேற்று கடிதம் அனுப்பிவிட்டேன். 30 நாளுக்குள் அவர்கள் தந்தாக வேண்டும்.