பேருக்குக் கீழே ஒரு வரி

நாகர்கோவிலில் ஒரு பிரஸ்ஸில் 14 வருடம் டிடிபி வேலை பார்த்தேன். கல்யாணக் கார்டுக்கு சீசன் உண்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குக் கிடையாது. விடிகாலையில் இறப்பு என்றால் பத்து மணிக்குள் சுவரில் ஒட்டியாக வேண்டும். கல்யாண குரூப் போட்டோவில் பாதி மறைந்த முகத்தைக் காட்டி, "இதை மட்டும் எடுத்துப் போடுங்க" என்பார்கள். அதெல்லாம் போட்டோஷாப் பார்த்துக்கொள்ளும். பேருக்குக் கீழே வரும் வரியில்தான் கைநடுங்கும்.

சைவக் குடும்பம் என்றால் 'சிவபதவி அடைந்தார்'. கருஞ்சட்டைக்காரர் என்றால் 'இயற்கை எய்தினார்', அதற்கு மேல் போக இடமில்லை. கிறிஸ்தவருக்கு 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. தூங்கினவர் எழுந்துதானே ஆகவேண்டும்? உயிர்த்தெழுதல் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. முஸ்லிம்கள் அதிகம் இருக்கும் இடலாக்குடிப் பக்கமிருந்து இந்த வேலை அதிகம் வராது. பள்ளிவாசல் மைக்கிலேயே மவுத் செய்தியைச் சொல்லிவிடுவார்கள். வந்தாலும் படம் இருக்காது. 'வஃபாத்தானார்', எந்தத் தொழுகைக்குப் பின் நல்லடக்கம், அவ்வளவுதான்.

நான் மாட்டிக்கொண்டது 'வைகுண்ட பதவி'யில். பெருமாள் பக்தர்களும் அதைப் போடுவார்கள், ஐயா வைகுண்டரை வழிபடும் ஐயா வழிக்காரர்களும் போடுவார்கள். பழைய ஃபைலைத் திறந்து பேரை மட்டும் மாற்றும் சோம்பேறித்தனம் எனக்கு உண்டு. ஐயா வழிக் குடும்பம் ஒன்றுக்கு, சங்கு சக்கரத்தோடு பெருமாள் நாமம் போட்ட ஃபைலில் அடித்துக் கொடுத்துவிட்டேன். இறந்தவரின் மாமா போஸ்டர் கட்டோடு திரும்பி வந்தார். "தம்பி, இது எங்க நாமம் இல்ல." அவர்களுடையது தாமரைமேல் சுடர்போல நிற்கும் வெள்ளை நாமம். மறுபடி அச்சாகும் வரை உட்கார்ந்திருந்தவர், கோபம் ஆறி, தானாகவே பேச ஆரம்பித்தார். எரிப்பதில்லையாம், வடக்கு பார்த்து உட்காரவைத்து அடக்கம். தர்ம யுகம் பிறக்கும்போது எழ வேண்டுமே! குறோணி என்ற அசுரனை ஆறு துண்டாக வெட்டிப் போட்டும் யுகத்துக்கு ஒரு துண்டாகப் பிறந்து வருகிறானாம், இப்போது நடப்பது கடைசித் துண்டான கலியன் ஆட்சி. மெஷின் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

இளவயதுச் சாவு என்றால் இன்னும் சிக்கல். யாரையாவது குற்றம் சொல்லாமல் மனசு ஆறாது. இந்து வீடுகளில் 'கொடிய காலன் கவர்ந்துகொண்டான்' என்று போடச் சொல்வார்கள். எமன் தர்மராஜன்தான், ஆனாலும் திட்டலாம். திருக்கடவூரில் சிவனே அவனை எட்டி உதைத்தவர். முஸ்லிம் வீட்டில் அப்படித் திட்ட ஆள் கிடையாது. உயிரை எடுக்கும் மலக்குல் மவுத், இறைவன் சொன்னதைச் செய்யும் வானவர். சாத்தானான இப்லீஸ் வழிகெடுப்பான், உயிரை எடுக்கும் அதிகாரம் அவனுக்கு இல்லை.

பைக் விபத்தில் போன பேரனுக்குப் போஸ்டர் அடிக்க ஒரு சர்ச் உபதேசியார் வந்தார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பைபிளிலிருந்து யோபு வசனம் போடச் சொன்னார்: 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்.' அந்த வசனத்தை எத்தனையோ தடவை டைப் பண்ணியிருக்கிறேன். ஒருநாள் முழுக் கதையையும் படித்தபோது, யோபுவின் பிள்ளைகள் சாவதற்குக் காரணமானவன் சாத்தான், அதுவும் அனுமதி வாங்கிக்கொண்டு. கேட்கக்கூடாத நேரம்தான். கேட்டுவிட்டேன்.

"சாத்தான் பேரை யாருமே போடச் சொல்லலியே ஐயா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் விஷயம் யோபுக்கே தெரியாதே தம்பி. படிக்கிற நமக்குத்தான் தெரியும்."

அப்புறம் ப்ரூஃபை வாங்கிப் பார்த்தார். ஒரே திருத்தம்: வயது 19 இல்லை, 18.